முன்னறைக்கு முப்பது நாள் அவகாசம்

நிலம் கையகப்படுத்தும் மசோதாவைக் கடைசி மூச்சுவரை எதிர்ப்பது என்று அவர் முடிவெடுத்தது ஒரு சனிக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிக்கை விட முடியவில்லை. கொப்பளித்த பிறகு விட்டார்.

எதிர்க்கட்சியில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறவர் அவர். தெருவில் எல்லாரும் அவரை ‘ஆட்சேபணை’ என்றே சொல்வார்கள். அரசாங்கம் மின்கட்டணத்தை ஏற்றினால் மக்கள் விரோதம் என்பார். இறக்கினால் தேர்தல் நாடகம் என்பார். ஏற்றாமல் இறக்காமல் விட்டால், பார்த்தீர்களா, செயலற்ற அரசு என்பார். நடுவில் ஒரு மூன்று வருடம் அவர் கட்சியும் ஆட்சியில் இருந்தது. அதை யாராவது ஞாபகப்படுத்தினால் பேச்சை மாற்றிவிடுவார். மற்றபடி மனுஷன் தங்கம். கோபமெல்லாம் ஒலிபெருக்கி இருக்கும் இடத்தில்தான்.

அவருக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த வீட்டின் முன்னறை. கிழக்கும் வடக்குமாக இரண்டு பெரிய ஜன்னல். நடுவில் கைவைத்த மர நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க அவருடைய அறிக்கைகள், கண்டனங்கள், பத்திரிகைத் துண்டுகள். தொலைக்காட்சிக்காரர்கள் வந்தால் அந்த நாற்காலியில்தான் உட்காருவார், அந்தச் சுவர்தான் பின்னணி. கட்சி அலுவலகத்தில் அவருக்குத் தனி அறை கிடையாது. இந்த அறை போனால் மைக்கும் போகும், மைக் போனால் மனிதரும் போனமாதிரிதான்.

அந்த அறையின்மேல் அவர் மனைவிக்கும் ஒரு கண். அவள் தையல்காரி. குளிர்சாதனப் பெட்டிக்கும் அடுப்படி வாசலுக்கும் நடுவே தையல் மெஷினைச் செருகி வைத்துக்கொண்டு, யாராவது தண்ணீர் எடுக்க வந்தால் எழுந்து வழிவிட்டு, மறுபடி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து இருநூறு நர்ஸ் சீருடை கேட்டிருந்தார்கள். உதவிக்கு இரண்டு பெண்கள் தயார். மெஷின் தயார். இடம்தான் இல்லை. அடுத்த மாதக் கடைசிக்குள் இடம் பிடிக்காவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். முதல் தடவை, “பரிசீலிக்கலாம்” என்றார். இரண்டாம் தடவை, “ஒரு குழு போடலாம்” என்றார். மூன்றாம் தடவை, “உரிய நேரத்தில் உரிய முடிவு” என்றார். வெளியே எத்தனை எதிர்க்கட்சியாக இருந்தாலும் முன்னறையைப் பொறுத்தவரை அவர் ஆளுங்கட்சி. அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அங்கேதான் அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. சபையில் பேசப்போகும் பேச்சை வீட்டில் முதலில் பேசிப் பார்ப்பார். அதற்கு எதிரே ஓர் அமைச்சர் வேண்டும். மனைவிதான் அமைச்சர். கல்யாணமான நாளிலிருந்து நிதி, ரயில்வே, மின்சாரம், சுகாதாரம் என்று அவள் பார்க்காத இலாகா இல்லை. எல்லாம் சம்பளமில்லாத பதவி.

அந்தச் சனிக்கிழமையும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“வாயில இருக்கிற ஊசியை எடு. அமைச்சர் ஊசியோட பேச மாட்டார்.”

“எடுத்தாச்சு. சொல்லுங்க, எங்க மசோதாவுல என்ன குறை?”

“ஏழு நாள் நோட்டீஸாம்! ஏழு நாள்ல ஒரு மனுஷன் காலங்காலமா உட்கார்ந்த இடத்தை விட்டுட்டு எழுந்து போயிடணுமாம்!”

“நீங்க ஆட்சியில இருந்தப்போ அஞ்சு நாள்னுதானே கொண்டு வந்தீங்க?”

அவர் தொண்டையைச் செருமினார். “அப்போ நாடு அவசரத்துல இருந்தது.”

“இப்போ?”

“இப்போ அரசாங்கம் அவசரத்துல இருக்கு. ரெண்டும் ஒண்ணாகுமா?”

“ஆகாது ஆகாது. சரி, எத்தனை நாள் கொடுத்தா ஒத்துக்குவீங்க?”

“முப்பது!”

“எங்க ஒட்டணும்?”

“அந்த இடத்துலயே ஒட்டணும். அரசிதழ் மூலையில பொடி எழுத்துல போட்டுட்டு, அறிவிச்சாச்சுன்னு சொல்ற வேலையெல்லாம் இங்க வேண்டாம். நாடே பார்க்கிற மாதிரி ஒட்டணும். பாமரனுக்கும் புரியற பாஷையில இருக்கணும்.”

“நியாயம். முப்பது நாள்ல ஒருத்தரும் ஆட்சேபிக்கலைன்னா?”

“நாடே பார்க்கிற மாதிரி ஒட்டின பிறகும் வாயைத் திறக்காதவனுக்காக நான் மல்லுக்கட்ட முடியுமா? எடுத்துக்கட்டும்!”

“வேற ஏதாவது?”

“மாற்று இடம் கொடுக்கணும். குடும்பத்துல ஒருத்தருக்கு வேலை கொடுக்கணும். நிலத்தைக் கூட்டிப் பெருக்கிக் காப்பாத்தினவங்களுக்கு முதல் உரிமை கொடுக்கணும்.”

அவள் தன் அளவு நோட்டைத் திறந்து, யாரோ ஒருத்தியின் கை நீளத்துக்கும் இடுப்பளவுக்கும் கீழே அவ்வளவையும் குறித்துக்கொண்டாள்.

“எதுக்கும்மா எழுதறே?”

“அமைச்சர் குறிப்பெடுக்க மாட்டாரா?”

அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இவ்வளவு பொறுப்பான அமைச்சர் அரசாங்கத்தில்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த முப்பது நாளும் மனிதர் தரையில் கால் பாவாமல் திரிந்தார். மசோதாவைப் பற்றிப் பேட்டிமேல் பேட்டி. வாரத்துக்கு மூன்று சேனல் வீடு தேடி வந்தது. முன்னறையில், மர நாற்காலியில், சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அரசாங்கத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார். கடைசியில் சபையில் பேசிய பேச்சில் ஆளுங்கட்சிக்காரர்களே நான்கு பேர் தலையாட்டிவிட்டார்கள். மசோதா தேர்வுக் குழுவுக்குப் போனது. அவர் வாழ்க்கையில் முதல் வெற்றி.

நெஞ்சை ஒரு முழம் முன்னால் விட்டுக்கொண்டு சாயங்காலம் வீடு வந்தார். முன்னறையில் மெஷின் ஒன்று நுழைந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். பின்னால் மனைவி, கையில் அளவு நாடா.

“என்ன நடக்குது இங்க?”

“கையகப்படுத்தறோம்,” என்றாள் அவள், காய் வாங்கி வந்தேன் என்று சொல்வதுபோல. “முப்பது நாள் நேத்தோட முடிஞ்சது.”

அவர் ஒரே பாய்ச்சலில் நாற்காலியில் போய் உட்கார்ந்து கைப்பிடி இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “நோட்டீஸ் எங்கே? எனக்கு நோட்டீஸ் வரலை!”

“பின்னாடி திரும்புங்க.”

திரும்பினார். அவருடைய கண்டன அறிக்கை இரண்டுக்கு நடுவே மஞ்சள் காகிதம் ஒன்று. கட்டைவிரல் தடிமனில் எழுத்து. ‘இந்த முன்னறை தையற்கூடமாக மாறப்போகிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கவும்.’ அந்தச் சுவரில் இருந்த எதையும் அவர் படிப்பதே இல்லை. எல்லாம் தான் எழுதியதுதானே என்ற நம்பிக்கை.

“இதை இன்னிக்குக் காலையில ஒட்டியிருப்பே!”

கல்லூரிக்குப் போகும் மகள் கைபேசியை நீட்டினாள். “அப்பா, இது நாலாம் தேதி பேட்டி. உங்க இடது காதுக்குப் பக்கத்துல பாருங்க. இது பதினொண்ணாம் தேதி. இதுல உங்க தலை பாதியை மறைக்குது, ஆனா ‘தையற்கூடம்’ பளிச்சுனு தெரியுது. இதுல பாருங்க, நீங்க ‘மக்களுக்கே தெரியாம நோட்டீஸ் ஒட்டறாங்க’ன்னு கையை நீட்டறீங்க. கை சரியா நோட்டீஸைத்தான் காட்டுது.”

அவர் கைபேசியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நாடே பார்த்தது,” என்றாள் மனைவி. “கேமராக்காரர் தன் மகளுக்குப் பாவாடை தைக்கக் கொடுத்தார். உங்க கட்சிச் செயலாளர் வீட்டுல ரெண்டு சட்டை. அமைச்சர் வீட்டுலேருந்துகூட ஜன்னல் திரைக்கு விசாரிச்சாங்க. ஆட்சேபணைன்னு ஒரு கடுதாசி வரணுமே!”

“இது... இது என் அறை!”

“கூட்டிப் பெருக்கினவங்களுக்கு முதல் உரிமைன்னு மத்தியானம் சபையில யார் பேசினது? நேரலையில பார்த்துக் கை தட்டினோமே.”

“மாற்று இடம்?”

“மாடிப்படிக்குக் கீழே. பெருக்கி வச்சிருக்கேன்.”

“வேலை?”

“பொத்தான் தைக்க ஆள் வேணும்.”

அவர் அக்காவைத் தேடினார். ஓய்வுபெற்ற நர்ஸ், அவர்களோடுதான் இருக்கிறாள். எந்தச் சண்டையிலும் தம்பி பக்கம் நிற்பவள். “அக்கா, நீயாவது கேளு!”

“என்னடா கேக்கறது? ஆஸ்பத்திரியில பேசி அந்தச் சீருடை வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.”

அவர் நாற்காலியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். “நான் எழுந்திருக்க மாட்டேன். என்ன பண்ணுவீங்க? நாற்காலியோட தூக்குவீங்களா?”

அதுதான் அவளுக்கும் பிரச்சினை. இரும்பு மாதிரி மர நாற்காலி, அதில் இரும்பு மாதிரி ஒரு மனிதர். வெட்டும் மேஜை அந்த இடத்தில்தான் வரவேண்டும், ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் விழுகிறது. காலையில் துணி வந்து இறங்கிவிடும். அரை மணி நேரம் எல்லாரும் நின்றார்கள். அவர் உட்கார்ந்திருந்தார். ஜெயித்துவிட்டோம் என்றுகூட அவருக்கு லேசாகத் தோன்ற ஆரம்பித்தது.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“பலவந்தம் எதுக்கு? ஜனநாயக முறையில போகலாம். வாக்கெடுப்பு. தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.”

அவள் கை உயர்ந்தது. மகள் கை உயர்ந்தது. அக்கா, “மன்னிச்சுக்கோடா” என்று சொல்லிவிட்டு இரண்டு கையையும் தூக்கினாள்.

“ஒரு கைதான் செல்லும் அத்தை,” என்றாள் மகள்.

“மூணு,” என்றாள் மனைவி. “இப்போ எதிர்க்கிறவங்க...”

இருபது வருடம் எதிர்வரிசையில் உட்கார்ந்த உடம்பு அது. எண்ணிக்கையில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்த கணத்தில் அந்த உடம்பு மூளையைக் கேட்பதில்லை. கால்கள் தாமாக எழுந்தன. கை தானாக உயர்ந்தது. குரல் தானாகக் கிளம்பியது.

“இந்த ஜனநாயகப் படுகொலையைக் கண்டித்து வெளிநடப்பு செய்கிறேன்!”

தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். வாசல் கடந்தார், முற்றம் கடந்தார், கேட்டைத் தாண்டித் தெருவில் நின்று, மைக்குகளுக்காக முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டார். மைக் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுப் பூனை மதில்மேல் உட்கார்ந்து தன் வாலை நக்கிக்கொண்டிருந்தது.

எதற்காக அரை மணி நேரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பி ஓடினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. கனமான எதையோ இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. கிழக்கு ஜன்னல் மெல்லத் திறந்தது.

“எதிர்த்து ஓட்டுப் போட அவையில யாரும் இல்லாததால,” என்றாள் அவள், “தீர்மானம் ஒருமனதா நிறைவேறுது.”