மசோதாவுக்குப் பூட்டு

“மசோதா எங்கேம்மா? பதினோரு மணிக்குச் சபையில வைக்கணும்!” என்று துணைச் செயலாளர் பறந்தார்.

சட்டத்துறைத் தட்டச்சர் திரையைத் திருப்பிக் காட்டினாள். ‘சந்தேகத்துக்குரிய நடவடிக்கை. உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.’

“முடக்கினது யாரு?”

“யாரை அடக்கச் சட்டம் எழுதினோமோ, அதே கம்பெனிதான் சார். நம்ம கோப்பெல்லாம் அவங்க கணினிக் கிடங்குலதானே கிடக்கு?”

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். மசோதாவின் முப்பது பிரிவில் ஒன்பதாவது அவள் சண்டை போட்டுச் சேர்த்தது: காரணம் சொல்லாமல் எவர் கணக்கையும் முடக்கக் கூடாது; முறையிட்டால் ஒரு மனிதர் கேட்க வேண்டும். அந்தக் கம்பெனிக்கு வண்டி ஓட்டிய அவள் தம்பியை ஒரே நாளில் கணக்கைப் பூட்டி வெளியே தள்ளினார்கள். ஏன் என்று சொல்ல ஆளில்லை. சாகப் போனவனைப் பிழைக்க வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஒன்பது நாள்தான் ஆகிறது.

உதவிப் பக்கத்தைத் திறந்தாள். ரகசிய எண்ணை மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டதாம். மின்னஞ்சலும் அவர்களுடையதுதான், அதற்கும் பூட்டு.

‘நீங்கள் மனிதர்தானா?’ என்று அடுத்துக் கேட்டது.

“ஆமான்னு அழுத்தும்மா!”

“அழுத்திட்டேன் சார். நம்ப மாட்டேங்குது.”

“தள்ளு, நான் பேசுறேன்.” அவர் தன் கணக்கிலிருந்து தட்டினார்: ‘இது அரசாங்கம். விளையாடாதே!’

‘மிரட்டல் பதிவு செய்யப்பட்டது.’

அடுத்த நிமிடம் அவர் கணக்கும் போயிற்று. பின்னாலேயே அறை அறையாகக் கூச்சல். மொத்தத் துறைக்கும் பூட்டு.

“பெரிய உத்தியோகம்னா சும்மாவா சார்? நான் என் ஒருத்தி கணக்கைத்தான் பூட்ட வச்சேன். நீங்க எண்பது பேரோடதை!”

“வாயை மூடு. அச்சடிச்ச பிரதி இல்லையா?”

“காகிதத்தைத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே சுற்றறிக்கை விட்டீங்க?”

அவர் அமைச்சரிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கினார். அவள் ஞாபகத்திலிருந்து கையால் எழுத உட்கார்ந்தாள். ஒன்பதாம் பிரிவைத்தான் முதலில் எழுதினாள். விரல் மரத்துப்போயிற்று. முப்பதும் முடிந்தபோது மணி பன்னிரண்டு. தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு, வண்டிக்காரர்களின் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, சாலையைக் கடந்து ஓடினாள்.

சபை வாசலில் காவலர் கைநீட்டித் தடுத்தார்.

“எதுக்கும்மா இந்த ஓட்டம்? கம்பெனிக்காரங்களே நூறு பிரதி பளபளன்னு அச்சடிச்சுக் கொண்டுவந்து கொடுத்தாங்க; இருபத்தொன்பது பிரிவும் ஏகமனதா நிறைவேறி, எல்லாரும் கை தட்டிட்டுச் சாப்பிடப் போயாச்சே!”