உயிர்த்தெழுந்த பிறகு யார் மனைவி?

படத்துக்குள் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றவர், மனைவியின் காலஞ்சென்ற கணவர். அந்தப் படத்துக்குப் புதுச் சட்டம் போட்டு, ஆணி அடித்து, கூடத்தில் மாட்டிக்கொண்டிருந்தவர் நடப்புக் கணவர். படச் சட்டம் போடும் கடை வைத்திருந்ததால் இந்த வேலையும் அவர் தலையில் விழுந்தது.

"லேசா சாஞ்சிருக்கு. நேரா வைங்க," என்றாள் மனைவி.

நேராக வைத்தார். மனசுதான் சாய்ந்துவிட்டது.

"ஏம்மா, செத்தவங்க எல்லாரும் உயிர்த்தெழும்போது இவரும் எழுந்து வருவாரே. அப்ப நீ யார் பக்கம் நிப்ப?"

"காலங்காத்தால கேக்குற கேள்வியா இது? போதகரைக் கேளுங்க."

போய்க் கேட்டார். "அங்க கல்யாணமே கிடையாதுங்க. எல்லாரும் தேவதூதர் மாதிரி இருப்பாங்க," என்றார் போதகர்.

நடப்புக் கணவர் துள்ளிக் குதித்து வீட்டுக்கு ஓடினார்.

"நீ அவருக்கு மனைவி இல்ல!"

"உங்களுக்கு?"

"எனக்கும்தான் இல்ல!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் அவருடைய தலையணை கூடத்துக்கு வந்துவிட்டது. படுக்கை, சரியாக அந்த மீசைக்குக் கீழே.

மறுநாள் போதகரிடம் புலம்பினார். போதகருக்கு மனசு இளகியது. "கல்யாணம் இல்லாட்டியும் அன்பு இருக்கும். ஒருத்தரை ஒருத்தர் கண்டிப்பா அடையாளம் தெரிஞ்சுக்குவோம்னு சொல்லுங்க."

சொன்னார். மனைவியின் முகம் மலர்ந்தது.

"நிஜமாவா? அப்ப அவரையும் பாத்துடலாம்!"

உடனே ஒரு துணியை எடுத்துப் படத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் முறை இவர் வருவதைப் பார்த்ததுமே போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"அங்க ஆண், பெண்ங்கிற பேதமே இருக்காதுன்னு சிலர் சொல்றாங்க. இருக்கும்னு சிலர் சொல்றாங்க. உங்களுக்கு எது வசதியோ அதை வச்சுக்குங்க."

"பேதம் இல்லேன்னா... மீசை?"

"தேவதூதருக்கு மீசை எதுக்கு?"

அது போதும். வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்: "அங்க ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல, மீசையும் இல்ல!"

மனைவி கொஞ்சம் யோசித்தாள். பிறகு பாத்திரம் தேய்க்கும் நாரை அவர் கையில் வைத்தாள்.

"அங்க இல்லாத பேதம் இங்க மட்டும் எதுக்கு? அடிப்பிடிச்ச சட்டியில இருந்து ஆரம்பிங்க."

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்தபோது மாப்பிள்ளை முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தார். மாமியாரைப் பார்த்ததும் உடைந்துபோனார்.

"அத்தை, உங்க பொண்ணு மேல உயிரையே வச்சிருக்கேன். ஆனா அந்தப் படத்துல இருக்கிறவர் அங்க வந்து நின்னா, ரெண்டாவதா வந்தவனை யார் மதிப்பா?"

மாமியார் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"அழாதீங்க மாப்பிள்ளை. படத்துல இருக்கிறவரும் பாவம், உசிரோட இருந்தப்ப இதே மாதிரிதான் அழுவாரு, இவளோட மொதல் புருஷனை நெனச்சு."