ஹோம் பிளேட்டில் மாஸ்க் நானா

மாத்தளை மாவட்டத்திலேயே பெரிய பயந்தாங்கொள்ளி யார் என்று கேட்டால், யோசிக்காமல் மாஸ்க் நானாவைத்தான் சொல்வேன். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிற மாதிரி நாங்களும் அவரை நானா என்போம். மாஸ்க் என்ற அடைமொழிக்கும் கொரோனாவுக்கும் சம்பந்தமில்லை. அவர் பேஸ்போல் அம்பயர். பந்து மூஞ்சியில் பட்டுவிடுமோ என்று, கம்பி வைத்த முகமூடியை மைதானத்துக்குப் போகும் பஸ்ஸிலேயே மாட்டிக்கொள்வார். ஒருமுறை ரத்தோட்டை பஸ்ஸில் கண்டக்டர் அவரிடம் காசு கேட்கவே தயங்கினார்.

வார நாட்களில் டவுனில் மிளகு, கராம்பு வியாபாரம். நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் போனால் அட்டைக்குப் பயம். ஆட்ட நாட்களில் அவர் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்பார். இன்னொரு அம்பயரான நான் மற்ற பேஸ்களைப் பார்த்துக்கொள்வேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூன்று பேஸ்களையும் சுற்றி ஓடிவிட்டு ரன்னர் கடைசியாக வந்து தொடவேண்டிய இடம் ஹோம் பிளேட். அதற்குள், அங்கே பந்து பிடிக்க நிற்கும் கெட்சர் பந்துள்ள கையுறையால் அவரைத் தொட்டுவிட்டால் அவுட்; இல்லையென்றால் சேஃப், ஒரு ரன். தீர்ப்புச் சொல்லும் அம்பயர் முகமூடியைக் கழற்றிவிட்டு, கையுறைக்கும் ரன்னருக்கும் நடுவிலுள்ள இடைவெளி தெரிகிற மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து நிற்க வேண்டும். கெட்சர் திரும்பினால் அவரும் நகர வேண்டும். நானாவோ முகமூடியோடு கெட்சரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கிவிடுவார். ஒல்லியான கெட்சர் வாய்த்துவிட்டால் அன்றைக்கு நானாவுக்கு முகமே சரியிருக்காது.

நாலந்தாவில் ஒரு ஆட்டத்தில் அப்படிப் பதுங்கியபடியேதான் ஒரு ரன்னரை அவுட் என்றார். அந்த ஆள் சண்டை போடவில்லை. பிளேட்டிலேயே உட்கார்ந்து நானாவை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். பஸ்ஸில் திரும்பி வந்த நானா, மாத்தளையில் இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "கெட்சர்ட முதுகத்தான் தம்பி பாத்தேன். பாக்காத ஒன்ன பாத்தேன்னு சொல்லிட்டேன். பயமா ஈக்கிது."

இது அட்டைப் பயம் அல்ல என்று எனக்கு விளங்கியது.

அடுத்த ஆட்டம் யட்டவத்தப் பக்கம். கடைசி இன்னிங்ஸ், உள்ளூர் அணி அடித்து முடித்துவிட்டது, இரண்டு அணியும் சமம். வெளியூர் ரன்னர் மூன்றாவது பேஸில் நின்றார். அவர் வந்து சேர்ந்தால் உள்ளூர் அணிக்குத் தோல்வி. உள்ளூர்க் கூட்டம் கோட்டருகே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அவர்களுடைய சத்தமே எனக்குப் பிடிக்கவில்லை.

பந்தில் அடி விழுந்தது. லொறி மாதிரி இருந்த அந்த ரன்னர் புறப்பட்டார். நான் நானாவைப் பார்த்தேன். முகமூடி கையில் இருந்தது. உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது. ஆனால் பக்கவாட்டில் நகர்ந்து, அந்த இடைவெளிக்கு நேரே போய் நின்றார். கெட்சர் திரும்ப, அவரும் கூடவே நகர்ந்தார். சறுக்கி வந்தவர் கிளப்பிய புழுதி அவர் மூஞ்சியில் அடித்தது. கண்ணை மூடவில்லை.

"சேஃப்," என்றார், ஆட்டுக்குட்டிக் குரலில்.

கூட்டம் உள்ளே பாய்ந்தது. ஓடிப்போய் நானாவின் பக்கத்தில் நின்றேன். ஒருவர் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, தீர்ப்பை மாற்றச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார். நானாவும் நடுங்கிக்கொண்டே சிங்களத்தில் பதில் சொன்னார்: அடிப்பதானால் அடியுங்கள், கால்தான் முதலில் பட்டது, நான் பார்த்தேன். பிறகு என் பக்கம் திரும்பி, "ஓடிராதீங்க தம்பி," என்றார்.

அப்போது உள்ளூர் கெட்சர் எழுந்து வந்து சட்டையிலிருந்த கையை விலக்கினார். தான் தொடுவதற்குள் கால் பட்டுவிட்டதாக அவரே சொன்னார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

நானா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எழும்ப முடியவில்லை. நானும் கெட்சரும்தான் தூக்கி த்ரீவீலரில் ஏற்றினோம். இனி இந்த வேலையே வேண்டாம் என்று புலம்பினார். கொஞ்சம் மூச்சு வந்ததும், அடுத்த ஆட்டம் எங்கே என்று கேட்டார். வழி நெடுக என் கையை இறுக்கிப் பிடித்திருந்தவர், மாத்தளை வந்ததும் விட்டுவிட்டார்.

மாத்தளை இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்திருக்கலாம்.