மேசை விரிப்புப் பிரிவு

சட்டையின் வலது முழங்கை கிழிந்த சத்தம் பக்கத்து அறை வரை கேட்டது. மேசைப் பலகையில் நீட்டிக்கொண்டிருந்த சிராய் அந்த வாரத்தில் பலி வாங்கிய இரண்டாவது சட்டை அது. அன்றைக்குத் திங்கட்கிழமைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சட்டை போனால் போகட்டும், அட்டைகளும் போய்க்கொண்டிருந்தன. அந்த அகராதி அலுவலகத்தில் ஒவ்வொரு சொல்லின் வரலாற்றையும் வெள்ளை அட்டைகளில், மசிப் பேனாவால், கையால்தான் எழுதித் தர வேண்டும் என்பது டைரக்டர் வைத்த சட்டம். குண்டும் குழியுமான அந்த மேசையில் வைத்து எழுதினால் வரிக்கு ஒரு பொத்தல் விழுந்தது.

அங்கே எழுதிக்கொண்டிருந்த மனிதரை எல்லோரும் 'கமா' என்று கூப்பிட்டார்கள். முற்றுப்புள்ளி வைக்க மனசு வராத ஆசாமி. அப்பாடா முடித்தார் என்று எதிரில் இருப்பவர் எழுந்திருக்கும்போது, "அதோட இன்னொண்ணு" என்று ஆரம்பித்துவிடுவார். பார்த்ததோ ஆறு மாதத் தற்காலிக வேலை. கொடுத்திருந்ததோ ஒரே ஒரு சொல். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அந்தக் கட்டுரையை முடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அடுத்த திங்கட்கிழமை காலை மச்சானுடைய டயர் கடை.

மனைவி இதை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தாள். "எங்க அண்ணன் கடைக்கு ஆள் தேடிட்டு இருக்காரு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால சமாளிக்க முடியாது."

கமாவுக்கு டயர் மேல் பகை இல்லை. ஆனால் அந்தச் சொல்லின் மேல் கண்மண் தெரியாத காதல்.

சொல், 'பியூரோ'. லத்தீனில் 'புர்ரா' என்றால் சொரசொரப்பான கம்பளி. அதன் வாரிசு பிரெஞ்சில் ஒரு முரட்டுத் துணிக்குப் பெயரானது. அந்தத் துணியை எழுதும் மேசைமேல் விரித்தார்கள். கொஞ்ச காலத்தில் மேசைக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு மேசை கிடந்த அறைக்கு, பிறகு அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு, கடைசியில் இலாகாவுக்கே. ஜெர்மன்காரருக்கு அது அலுவலகம். போலந்துக்காரருக்கும் அலுவலகம்தான், மேசையை அதன் குட்டி போல 'பியூர்கோ' என்பார். ஸ்வீடன்காரர் வீட்டில் அது துணிமணி வைக்கும் இழுப்பறை அலமாரியாகவும் நிற்கிறது. ஒரு துண்டுத் துணி ஒரு கண்டம் முழுக்க உத்தியோகம் பார்த்த கதை இது என்று கமா சாப்பிடும்போதெல்லாம் மனைவியிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

"என்கிட்ட சொன்னது போதும். எழுதுங்க" என்றாள் அவள்.

எழுதத்தான் மேசை விடவில்லையே. மேலே விரித்துக்கொள்ள ஒரு துண்டுத் துணி கிடைத்தால் தீர்ந்தது என்று கமா, 'மேசை விரிப்பு வேண்டி' என்று ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டு ஸ்டோருக்குப் போனார்.

ஸ்டோர் கீப்பரிடம் பச்சைத் துணி ரோல் ரோலாக இருந்தது. கொடுக்கவும் மனசு இருந்தது. மேசையின் நம்பரை மட்டும் கேட்டார். கமா சொன்ன நம்பரைப் பெரிய ரிஜிஸ்டரில் விரல் வைத்துத் தேடினார். அந்த மேசை 'உடைந்தது, அகற்றப்பட்டது' என்று பதிவாகி மூன்று வருடம் ஆகியிருந்தது.

"இல்லாத மேசைக்கு எப்படி சார் துணி கொடுக்கறது?"

"இல்லாத மேசையிலதான் சார் இது கிழிஞ்சது." கமா முழங்கையைக் காட்டினார்.

"சட்டை உங்களோடது, ரிஜிஸ்டர் என்னோடது" என்றார் ஸ்டோர் கீப்பர். ஆனாலும் இரக்கமுள்ள மனிதர். புது மேசைக்கு இன்னொரு விண்ணப்பம் வாங்கிக்கொண்டு மறுநாள் காலையிலேயே மேசையை அனுப்பிவைத்தார்.

நாலு பேர் முக்கி முனகித் தூக்கிவந்த மேசை அது. கமா உட்கார்ந்திருந்த மாடிப்படியின் அடியில் அது நுழையவில்லை. நடைவழியில் இறக்கி வைத்தார்கள். அதனால் புரூஃப் பார்க்கும் அம்மாள் தன் அறையிலிருந்து வெளியே வர முடியாமல் பதினோரு மணி வரை உள்ளேயே இருந்தார்; வந்ததும் கட்டட மேற்பார்வையாளரிடம் நேராகப் போய் நாலு கேள்வி கேட்டார். மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்துவிட்டு இரண்டாம் மாடியில் பூட்டிக் கிடந்த ஓர் அறையைத் திறந்துவிட்டார். மேசை கச்சிதமாக உள்ளே போனது.

கமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அட்டையை எடுத்தார், பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் காவலாளி மதியச் சுற்றுக்கு வந்தார். போர்டு இல்லாத அறை காலி அறை, காலி அறையைப் பூட்ட வேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட விதி. பூட்டினார். கமா கதவைத் தட்டி, கத்தி, ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி வெளியே வர மூன்று மணியானது. தொண்டை கட்டிப்போயிருந்தது. அட்டை காலியாகவே இருந்தது.

சரி, ஒரு போர்டு மாட்டிவிட்டால் தொல்லை விட்டது என்று தலைமை குமாஸ்தாவிடம் போனார். தனி ஆளுக்குப் போர்டு தர வழியில்லை, பிரிவுக்குத்தான் உண்டு என்றார் அவர். கமாவின் முகம் விழுந்ததைப் பார்த்ததும் அவருக்கே பாவமாகிவிட்டது.

"அதனால என்ன சார், ஒரு பிரிவு ஆக்கிட்டாப் போச்சு. உங்க ஃபைல்ல முதல் விண்ணப்பம் என்ன? 'மேசை விரிப்பு வேண்டி'. இதையே பேரா வச்சுக்கலாம்."

பூட்டுக்குப் பயந்த கமா தலையாட்டிவிட்டார். அவர் வாழ்க்கையில் யோசிக்காமல் முற்றுப்புள்ளி வைத்தது அந்த ஒரு தடவைதான். மாலையே போர்டு எழுதுகிறவர் பெயிண்ட் டப்பாவும் ஸ்டூலுமாக வந்து, கதவின் மேல் 'மேசை விரிப்புப் பிரிவு' என்று அழகாக எழுதிவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை, பெயிண்ட் காய்வதற்குள் முதல் ஆள் வந்தார். தன் மேசைக்கும் ஒரு விரிப்பு வேண்டுமாம். பத்து மணிக்குள் வரிசை மாடிப்படி வரை போனது. தான் அகராதி எழுதுகிறவன் என்று கமா ஒவ்வொருவரிடமும் விளக்கினார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பச்சை வேண்டாம், நீலம் கிடைக்குமா என்றார்கள். ஸ்டோர் கீப்பர் மட்டும் முகம் மலர்ந்து காணப்பட்டார். தன் தலைவலி ஒழிந்தது என்று இருந்த நாற்பது ரோல்களையும் கமாவின் அறைக்கு ஏற்றிவிட்டார்.

வரிசை நீண்டதால் உதவிக்கு இரண்டு பேரைப் போட்டார்கள். இரண்டு பேர் வந்ததும் வருகைப் பதிவேடு வந்தது. பதிவேடு வந்ததும் ரப்பர் ஸ்டாம்பும் அழைப்பு மணியும் வந்தன. வியாழக்கிழமை மதியம், துணி அரிவாள்மனையில் வெட்டியது போலக் கோணலாக இருக்கிறது என்று இரண்டு புகார்கள் வந்தன. அவற்றை விசாரிக்கக் கமாவின் தலைமையிலேயே ஒரு குழுவும் அமைந்தது.

இத்தனைக்கும் நடுவில் கமாவின் மேசை மட்டும் மொட்டையாகவே கிடந்தது. பிரிவின் தலைவர் தன் விண்ணப்பத்தைத் தானே அனுமதிக்கக் கூடாது, அது டைரக்டரின் மேசைக்குப் போயிருக்கிறது என்று உதவியாளர்கள் பணிவாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மனைவி சாப்பாட்டு டப்பாவை நீட்டியபடி அவர் கண்ணையே பார்த்தாள். "எவ்வளவு எழுதியிருக்கீங்க?"

"ஆரம்பிச்சிட்டேன்."

அவள் டப்பாவை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று கமாவுக்குத் தோன்றியது.

அன்று அவர் துணி ரோல்களுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து எழுதினார். ஒரு வரி முடிவதற்குள் உதவியாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கையெழுத்துக்கு முப்பது தாள் காத்திருந்தது. பிறகு கழிப்பறையில் போய் உட்கார்ந்தார். அங்கேயும் கதவின் அடியில் தாள்கள் வந்தன. நாலரை மணிக்கு அவர் கையில் ஓர் அட்டையும் அதில் ஒரு வரியும் இருந்தன. 'பியூரோ: இதன் தொடக்கம் ஒரு துணி,' என்று அது வழக்கம்போல் கமாவில் நின்றிருந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டைரக்டரே வந்தார். டைரக்டர் பதிவேட்டைப் புரட்டினார், ரப்பர் ஸ்டாம்பை உள்ளங்கையில் குத்திப் பார்த்தார், மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். கமா பொறுக்க முடியாமல் அட்டையை நீட்டிவிட்டார்.

"சார், இவ்வளவுதான் எழுத முடிஞ்சது. மன்னிச்சிடுங்க. என்னைத் திங்கட்கிழமை டயர் கடைக்கு அனுப்பிடுவாங்க."

டைரக்டர் அந்த ஒரு வரியை ரொம்ப நேரம் படித்தார். பிறகு அட்டையைக் கசங்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல ஆரம்பம். ஆனா நாலே நாள்ல ஒரு பிரிவை நிறுத்திக் காட்டின ஆளை நான் எப்படி வெளியே விடுவேன்? நீங்க நிரந்தரம். கட்டுரைக்குத் திங்கட்கிழமை வேற ஒருத்தர் வர்றார்."

ஆணை ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தது. கமா உடனே வீட்டுக்குப் போன் செய்தார். "அண்ணனை வேற ஆள் பார்க்கச் சொல்லிடறேன்" என்றாள் மனைவி. கமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதில் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

ஆனால் மேசைமேல் அந்த அட்டை கிடந்தது. பார்க்கப் பார்க்க வெட்கமாக இருந்தது. எத்தனை ஆசையோடு வந்தார், என்னவெல்லாம் எழுத நினைத்திருந்தார். கதவுக்கு வெளியே போர்டு எழுதுகிறவர் ஸ்டூலில் ஏறி, பிரிவின் பெயருக்குக் கீழே 'தலைவர்' என்று எழுதிக்கொண்டிருந்தார். மனசில் இருப்பதை யாரிடமாவது கொட்டினால் போதும் என்று கமா அவரிடம் போய் நின்றார்.

"ஒரே ஒரு வார்த்தை கொடுத்தாங்க, அதைக்கூட முடிக்கலை. திங்கட்கிழமை வர்ற ஆளு என்னைப் பத்தி என்ன நினைப்பாரு?"

போர்டு எழுதுகிறவர் தூரிகையை டப்பா விளிம்பில் வழித்தார்.

"ஒண்ணும் நினைக்க மாட்டாரு சார். இந்தக் கட்டடத்துல நான் போர்டு எழுதின பதினோரு தலைவருங்களும் அந்த ஒரு வார்த்தையை எழுத வந்தவங்கதான். முதல்ல வந்தவரு நம்ம டைரக்டர்."