காலேஜில் எல்லாம் உண்டு

கூச்சக்காரர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தவறு. கூச்சக்காரன் சொல்லும் அளவுக்குப் பொய்யை எந்த வக்கீலும் சொல்லியிருக்க மாட்டார். "இல்லை" என்று சொல்ல எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். "உண்டு" என்று சொல்லத் தரையைப் பார்த்தால் போதும். நான் கல்யாண வயது வரைக்கும் தரையைப் பார்த்தே வாழ்ந்தவன். (பாறசாலைச் சந்தையில் எந்த இடத்தில் கல் பெயர்ந்திருக்கிறது என்று கேளுங்கள், சொல்வேன். கடைக்காரர்களின் முகம் தெரியாது.)

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம் அது. எங்கள் ஊர்கள் தமிழ்ப் பக்கம் போகுமா, மலையாளப் பக்கமே நிற்குமா என்று டீக்கடையில் தொடங்கும் பேச்சு, கிளாஸ் உடைவதில் முடியும். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஊர் மேட்டில் ஒரு தனியார் கலைக்கல்லூரி ஆரம்பித்தார்கள். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் சாலமோன் சாரும், சபையில் வசதியுள்ள சிலரும் சேர்ந்து செய்த காரியம். கட்டிடம் வந்துவிட்டது, வாத்தியார்கள் வந்துவிட்டார்கள், மணிகூட வந்துவிட்டது. படிக்கப் பிள்ளைகள்தான் பாக்கி.

இப்படி ஒரு கல்லூரி இருக்கிறது, அதில் இன்னின்ன படிக்கலாம் என்று பெற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பேசத் தெரிந்தவர்கள் எல்லாரும் எல்லையைப் பற்றிப் பேசப் போயிருந்தார்கள். அதில் பாதிப்பேர் ஜெயிலில், மீதிப்பேர் ஒளிவில். மிஞ்சியது நான்.

"எலே அருளப்பா," என்றார் சாலமோன் சார். "சண்டே ஸ்கூலுல நீ ஒரு அதிகாரம் முழுக்க ஒரே மூச்சுல ஒப்பிச்சவனாக்கும். இதையும் மனப்பாடம் பண்ணு. பேச்சுண்ணு நெனைக்காத, ஒப்பிக்கியேண்ணு நெனச்சுக்க. முதல் வகுப்பு நெறஞ்சா ஆபீஸ் கிளார்க்கு சோலி உனக்கு."

அந்த வேலை எனக்கு ஏன் வேண்டும் என்றால், நெய்யாற்றின்கரையில் தையல்கடை வைத்திருந்த தங்கையன் என்பவரின் மகள் எஸ்தரை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். "பையனுக்கு சோலி உறப்பாவட்டும், மத்தது பெறவு பேசலாம்" என்று தங்கையன் நிறுத்தி வைத்திருந்தார். எஸ்தரை நான் ஒருமுறை சபைக் கோயிலில் பார்த்திருக்கிறேன். (செருப்பு மட்டும். நீல வார்.) ஸ்கூல் பைனலை அவள் ஒரே தடவையில் பாஸ் செய்தவள். நான் அதைக் கொஞ்சம் நிதானமாகச் செய்தவன்.

சாலமோன் சார் எழுதிக் கொடுத்த விவரம் அழகானது. இது ஒரு தொழிலுக்கான படிப்பு அல்ல, மனிதனை முழு மனிதனாக்கும் படிப்பு. சரித்திரம் படிப்பவன் சங்கீதமும் படிக்கலாம். பொருளாதாரத்தோடு தர்க்க சாஸ்திரமும் தாவர இயலும் சேர்த்துப் படிக்கலாம். நூல்நிலையம் இருக்கிறது, விளையாட்டு மைதானம் இருக்கிறது. (நூல்நிலையம் என்பது இரண்டு அலமாரி. மைதானத்தில் மரச்சீனிக் கிழங்கு இன்னும் பிடுங்கவில்லை.) மூன்று நாள் எங்கள் மாட்டுக்கு முன்னால் நின்று ஒப்பித்துப் பழகினேன். மாடு கேள்வி எதுவும் கேட்கவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது.

பெற்றவர்கள் கூட்டத்துக்குக் குறித்த நாளில் கூட்டம் கூடத் தடை வந்துவிட்டது. ஐந்து பேர் ஓரிடத்தில் நின்றால் கேஸ். கல்லூரி வாசலில் மாதவன் பிள்ளை என்ற போலீஸ்காரர் லத்தியோடு வந்து மதில்மேல் உட்கார்ந்துகொண்டார். வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த மலையாளி.

"எடோ, நால்பேர் ஆகாம். அஞ்சாமன் வந்நால் எல்லாரும் ஸ்டேஷனில்" என்றார்.

சாலமோன் சார் அசரவில்லை. "நாலு பேரு ஆவலாமில்லா? உன்னையும் சேத்து நாலு. மூணு மூணு பேரா வரட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒருமுறை பேசவே நடுங்கியவன், அன்று முழுவதும் அயினி மரத்தடியில் நின்று மூன்று மூன்று பேருக்கு அதையே ஒப்பித்தேன். முறை வராதவர்கள் ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல் அங்கங்கே நின்றார்கள். ஒருவர் கிணற்றடியில் கழுவின காலையே திரும்பக் கழுவினார். ஒருவர் யாருடைய வாழையையோ வெகுநேரம் ஆராய்ந்தார்.

கண்ணை மூடி ஒப்பிப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. முடித்ததும் கேள்வி கேட்டார்களே, அதுதான் வினை.

"முழு மனுசன் ஆவாண்ணு சொல்லுதீரே," என்றார் முதலில் வந்தவர். "இப்பம் எனக்க மவன் என்ன, அரை மனுசனா?"

மகன் பக்கத்திலேயே நின்றான். நான் தரையைப் பார்த்தேன்.

"அது கெடக்கட்டு. பாடம் தமிழுல உண்டா?"

இல்லை, இங்கிலீஷில்தான். எனக்கு அது தெரியும். ஆனால் அவர் கேட்ட குரலில் போராட்டம் முழுவதும் இருந்தது. "உண்டு" என்றேன்.

அவர் மனம் குளிர்ந்து போனார். அடுத்து வந்தவர், "மலையாளத்தில் படிக்கான் ஒக்குமோ? உண்டோ?" என்று கேட்டார். அவருக்கும் "உண்டு."

அணை உடைந்தது அங்கேதான். காரோட்டிலிருந்து வந்த ஒருவர், "ஹாஸ்டலுல மீன்கறி உண்டா? இவனுக்கு மீன் இல்லாம சோறு எறங்காது" என்றார். உண்டு. "காரோட்டுக்கு பஸ்?" அதுவும் உண்டு. திருப்புறத்துக்காரர் ஒருவர் மகனுக்குப் பரீட்சை என்றால் மயக்கம் வரும் என்றார். பரீட்சை இல்லாத பாடம் உண்டா? உண்டு. இன்னொருவர் வீட்டில் ஆடு மேய்க்க வேறு ஆள் இல்லையாம். மகன் வரும்போது ஆட்டையும் கூட்டிவந்தால் கட்ட இடம் உண்டா?

"உண்டு" என்றேன். அந்த நேரம் யானை கட்ட இடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மத்தியானத்துக்குள் மாதவன் பிள்ளைக்கு என் பேச்சு முழுவதும் பாடமாகிவிட்டது. நான் ஓரிடத்தில் தடுமாறியபோது மதில்மேல் இருந்து, "தர்க்க சாஸ்த்ரம் விட்டுபோயல்லோ!" என்று எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் ஆகும்போது நீல வார்ச் செருப்பு வந்தது. இருபுறமும் தங்கையனும் அவர் மனைவியும். அவர்கள் தையல்கடைக்கு வருகிற யாரோ சொல்லி, மகளைப் படிக்க வைக்கலாமா என்று பார்க்க வந்திருந்தார்கள். நான் ஒப்பித்தேன். எப்படி ஒப்பித்தேன் என்று தெரியாது.

"பெண்பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் உண்டா?" எஸ்தர் கேட்டாள். அவள் குரலை அன்றுதான் முதலில் கேட்கிறேன்.

"உண்டு."

"வார்டன்?"

"உண்டு."

"கதவுக்கு நல்ல பூட்டு உண்டுமா?" என்றார் அவள் அம்மை.

"உண்டு" என்றேன். கதவே கிடையாது. ஹாஸ்டல் இருந்தால்தானே கதவு.

தங்கையன் கடைசியாக என் பக்கம் குனிந்து, "உமக்க கிளார்க்கு சோலி உறப்பு உண்டா?" என்று மெதுவாகக் கேட்டார். அதற்கும் அதே பதில்தான்.

சேர்க்கை நாள் வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெட்டிகளை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. டிரங்குப் பெட்டி, பாய், தலையணை, ஒரு ஆடு. தமிழ்ப் பாடம் என்று நம்பி வந்தவர்களும் மலையாளப் பாடம் என்று நம்பி வந்தவர்களும் வாசலிலேயே ஒருவருக்கொருவர் விவரம் சொல்லிக்கொண்டார்கள்.

"தமிழுல உண்டுண்ணு சொன்னானே அந்தப் பயல்!"

"ஞங்ஙளோடு மலையாளம் எந்நல்லே பறஞ்ஞது!"

வாக்குவாதம் முற்றி, எல்லையே அங்கே தீர்மானமாகிவிடும் போலிருந்தது. சாலமோன் சார் வெளியே வந்து கையை உயர்த்தினார். "பாடம் இங்கிலீஷுலயாக்கும்" என்றார்.

பிறகு இரண்டு பக்கமும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தது. எத்தனையோ தலைவர்கள் முயன்றும் முடியாத ஒற்றுமையை அன்று நான் உண்டாக்கினேன். மீன்கறி கேட்டவர் எந்தப் பக்கமும் சேராமல் தனியாகத் திட்டினார். நான் அயினி மரத்துக்குப் பின்னால் போனேன். ஆட்டை அங்கேதான் கட்டியிருந்தார்கள். அது என் வேட்டி நுனியைத் தின்ன ஆரம்பித்தது.

விசில் ஊதிக்கொண்டு மாதவன் பிள்ளை மதில்மேல் ஏறினார். "நால்பேர்! நால்பேர் மாத்ரம்!" கூட்டம் பழக்கதோஷத்தில் சிதறியது. அமைதி வந்ததும் அவர் இறங்கவில்லை. "கேட்டோளின். இது ஒரு தொழிலினுள்ள படிப்பல்ல" என்று ஆரம்பித்து, என் பேச்சு முழுவதையும் தர்க்க சாஸ்திரம் உட்பட அவர் பாஷையில் ஒப்பித்தார். கண்ணைத் திறந்து, எல்லாரையும் பார்த்து. அவருடைய தம்பியும் அன்று சேர வந்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. போலீஸ்காரரே சொன்னதால் பாதிப்பேர் நம்பினார்கள்.

சாலமோன் சார் என் காதைப் பிடிக்காத குறையாக ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தினார். "ஒவ்வொருத்தருக்கும் மூஞ்சியப் பாத்து உள்ளதச் சொல்லு மக்கா. அது முடிஞ்சா நீ வீட்டுக்குப் போவலாம். கிளார்க்கு சோலிய நீ மறந்திரு."

சொன்னேன். பஸ் இல்லை. பரீட்சை இல்லாத பாடம் இல்லை. ஆடு கட்ட இடம் இல்லை. ஒவ்வொரு "இல்லை"க்கும் ஒரு முகத்தைப் பார்த்தாக வேண்டியிருந்தது. சிலர் திட்டிவிட்டுத் திரும்பினார்கள். ஆனால் முக்கால்வாசிப் பேர், "செரி, இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்று சேர்ந்துகொண்டார்கள்.

பிறகு தங்கையன் வந்தார். பின்னால் பெட்டியோடு எஸ்தர்.

"ஹாஸ்டல் இல்ல" என்றேன், அவர் கேட்கும் முன்பே. "வார்டன் இல்ல. பூட்டும் இல்ல."

"உமக்க சோலி?"

சாலமோன் சார் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அதும் இல்ல மாமா" என்றேன். கல்யாணம் போயிற்று என்று எனக்குத் தெரிந்தது. அன்றுதான் அவர் முகத்தை முழுதாகப் பார்த்தேன். கோபம் வந்தால் மூக்கு சிவக்கிற முகம்.

"வா பிள்ளே, போலாம்" என்றார் மகளிடம்.

எஸ்தர் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். "நான் வரல்லப்பா. ஊரு முழுக்க காலேஜுக்குப் போறேண்ணு சொல்லியாச்சு. இல்லாத ஹாஸ்டல இவிய உண்டாக்கட்டு."

அவள் உட்கார்ந்ததைப் பார்த்து, பின்னால் நின்ற மற்றப் பெண்பிள்ளைகளும் தங்கள் தங்கள் பெட்டிமேல் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கத்தில் எத்தனையோ மறியல் நடந்த காலம். இதைவிட உறுதியான மறியலை மாதவன் பிள்ளையும் பார்த்ததில்லை. அவர் எண்ணிப் பார்த்தார். நாலு பேருக்குமேல் இருந்தார்கள். சும்மா திரும்பிக்கொண்டார்.

சாலமோன் சாரின் மனைவிதான் வழி திறந்தது. கல்லூரிக்குப் பக்கத்திலிருந்த தங்கள் வீட்டில் தேங்காய் போட்டு வைத்திருந்த பெரிய அறையை அன்றே ஒழித்துக் கொடுத்து, வார்டனாகவும் ஆனார். பூட்டு வாங்கிவர என்னை அனுப்பினார். பூட்டோடு திரும்பியதும், "மீன்கறிண்ணு சொன்னவன் நீதானே? நாளையிலயிருந்து மீனும் நீயே கொண்டு வா" என்றார். அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. கிளார்க் அல்ல, ஹாஸ்டல் சாமான் வாங்குகிறவன். விடியுமுன் கடற்கரைக்குச் சைக்கிள் மிதிப்பேன். சொன்ன பொய்களில் ஒன்றையாவது நான் வருடக்கணக்கில் காலால் மிதித்தே உண்மையாக்கினேன்.

தங்கையன் மாமா கடைசியில் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. எஸ்தர் பி.ஏ. முடித்த பிறகுதான் கல்யாணம். அதற்குள் எல்லையும் தீர்மானமாகிவிட்டது. நாங்கள் கேரளத்திலேயே நின்றோம். மீன் விலைதான் இரண்டு பக்கமும் ஏறியது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் நண்பர்கள் வாழ்த்து மடல் அச்சடித்து, பந்தலில் வாசித்து, எல்லாருக்கும் கொடுப்பார்கள். எஸ்தரோடு படித்தவர்களும் அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். மாதவன் பிள்ளையின் தம்பி மைக்கில் வாசித்தான்: "மணமகள் எஸ்தர், பி.ஏ. மணமகன் அருளப்பன், உண்டு." சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் சிரிப்பு ஓயவில்லை.

அதைக் கண்ணாடி போட்டு எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறாள் என் மனைவி. இப்போது அவள் ஹைஸ்கூல் டீச்சர். வருகிறவர்கள் என் பெயருக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்துவிட்டு, இது என்ன படிப்பு என்று கேட்காமல் போவதில்லை. நான் வாயைத் திறக்குமுன் அவள் சொல்லிவிடுவாள்:

"எல்லாப் பாடமும் சேந்த படிப்பாக்கும். இப்பம் அது இல்ல. ஒராளு பாஸான ஒடனே நிறுத்திட்டாவ."