உலகத் தரத்தில் ஒரு வீட்டு அலுவலகம்

நெருப்பு, சக்கரம் இரண்டுக்கும் அடுத்தபடியாக மனித குலம் கண்டடைந்த மகத்தான பொருள் வீட்டு அலுவலகம். அதன் உச்சம் நாங்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், என் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறது. அமைத்தவர் என் நண்பர் கிருஷாந்தன். 'ஆலோசகர்' நான். வரலாறு என் பெயரை விட்டுவிடக்கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

கிருஷாந்தனுக்குச் சரக்குக் கொம்பனி ஒன்றில் வேலை. கிழமையில் இரண்டு நாள் வீட்டிலிருந்து செய்வார். மனைவி நிரஞ்சலா ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காகக் குசினி மேசையில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தபடி, கிழமை முழுவதும் பிரெஞ்சில் தொலைபேசிக்குப் பதில் சொல்பவர். ஆகவே அலுவலகம் யாருக்குத் தேவை என்பதில் எங்கள் முதற்கூட்டத்தில் சந்தேகமே எழவில்லை.

"வசதியும் வேணும் அண்ணை, பயன்பாடும் வேணும்," என்றார் கிருஷாந்தன்.

"வசதி உமக்கு. பயன்பாடு?"

"அதைப் பேந்து பாப்பம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மகள் சாருஜா தன் அறையிலிருந்து வரவேற்பறைச் சோபாவுக்கு 'இடமாற்றம்' பெற்றாள். அறைக்கு முதுகெலும்பை மதிக்கும் நாற்காலி வந்தது. வாடாத பிளாஸ்டிக் செடி வந்தது. கமராவில் தெரியும்படி, யாரும் வாசிக்காத புத்தகங்கள் அடுக்கப்பட்டன. சுவரெங்கும் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சுப் பலகை. பொத்தானை அழுத்தினால் உயரும் மேசையும் வந்தது. நின்றபடி வேலை செய்தால் ஆயுள் கூடுமாம்.

"கலியாணம் கட்டின நாளிலை இருந்து நான் குசினியிலை நிண்டபடிதானே வேலை செய்யிறன்," என்றார் நிரஞ்சலா. "அப்ப எனக்குச் சாவே இல்லைப் போலை."

வாழ்த்துரையாகவே எடுத்துக்கொண்டோம்.

பஞ்சுப் பலகையால் வெளிச்சத்தம் உள்ளே வராது. உள்ளிருப்பவருக்கு ஏதும் தேவையென்றால் கதவைத் திறந்து கத்தவேண்டும். கிருஷாந்தன் ஒருநாள், "நிரஞ்சலா, தேத்தண்ணி!" என்று கத்தினார். அப்போது நிரஞ்சலாவின் தொலைபேசியின் மறுமுனையில் இருந்த, நிலக்கீழறை வெள்ளத்தில் மூழ்கிய ஒரு மூதாட்டி, 'தேத்தண்ணி' என்பது என்ன வகைக் காப்புறுதி, தனக்கும் அது உண்டா என்று விசாரித்திருக்கிறார். விஷயம் மேலிடத்துக்குப் போயிற்று. வியாழக்கிழமை காலை ஒரு மதிப்பீட்டாளர் நிரஞ்சலாவின் அழைப்புகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டுச் சத்தம் கேட்டால் வேலை போய்விடும்.

"வியாழன் காலமை மட்டும் அந்த அறையைத் தாங்கோ," என்று கேட்டார் நிரஞ்சலா.

"ஏலாது. அண்டைக்கு எனக்குச் சூம் கூட்டம். ஊர்ச் சங்கத்திலை பேசக் கேட்டிருக்கினம்."

"என்ன தலைப்பு?"

"'உழைக்கும் மனைவிக்குக் கணவனின் ஒத்தாசை'."

தலைப்பின் கனம் தாங்காமல் நிரஞ்சலா குசினிக்குத் திரும்பினார்.

வியாழனன்று, உரையை நேரில் பாராட்ட நான் மேலே போனேன். வாசலடியில், குளிர்ச்சட்டைகள் தொங்கும் அலுமாரி பிரெஞ்சு பேசிக்கொண்டிருந்தது. பணிவான, தெளிவான பிரெஞ்சு. சற்று நேரத்தில் அலுமாரிக் கதவு திறந்தது. உள்ளே அரிசிச் சாக்கின் மேல் மடிக்கணினியோடு நிரஞ்சலா. முகமெல்லாம் வியர்வை, தலைமயிர் கன்னத்தில் ஒட்டிக் கிடந்தது.

"கொஞ்சம் தண்ணி தாங்கோ அண்ணை," என்றார். கிளாசை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

மதிப்பீட்டாளர் வியந்துபோனாராம். இவ்வளவு அமைதியான வீட்டு அலுவலகத்தை அவர் கேட்டதேயில்லையாம். வேலை போகவில்லை. நகர நடுவிலுள்ள தலைமையகத்தில் புதியவர்களைப் பயிற்றும் பதவி வந்தது, சொந்த மேசையோடு. நிரஞ்சலா கூட்டம் எதுவும் கூட்டாமலே ஒப்புக்கொண்டார்.

புது வேலையின் முதல்நாள் காலை அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, கிருஷாந்தன் அறையை விட்டுப் பதறிக்கொண்டு ஓடிவந்தார். வழியனுப்ப வந்த நானும் அங்கே நின்றேன்.

"நீர் போனாச் சமையல்? சாருஜாவை ஆர் பள்ளிக்கூடத்தாலை கூட்டியாறது? நான் ஒஃபிசிலையெல்லோ இருக்கிறன்!"

"ஒஃபிசிலை இருந்தது போதும்," என்றார் நிரஞ்சலா, சப்பாத்துக் கயிற்றை இறுக்கியபடி. "வெளியாலை வந்து பாருங்கோ. இஞ்சை ஒரு வீடும் இருக்கு."