டென்மார்க்குக்கு ஆள் கூப்பிட்டவர்

ஒரு தேசத்துக்கு முதலாளிகளைக் கூப்பிடுகிறேன் என்று கிளம்பி, அந்தத் தேசத்தின் குறைகளை முதலில் சொன்ன மனிதர் மலாயாவில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்களோடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரே அறையில் குடியிருந்தார். நாங்கள் வைத்த பெயர் டென்மார்க். சொந்தப் பெயர் துணி வெளுக்கும் டோபிக்கு மட்டும் தெரியும். அவன்தான் சட்டைக் காலரில் எழுதி வைத்திருந்தான்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. அவர் தினமும் காலை ரயிலில் கிள்ளானுக்குப் போய், ஒரு டென்மார்க் துரையின் ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதிவிட்டு மாலையில் திரும்புவார். அதுவரை சாதுவான மனிதர். ஒருநாள் அந்தத் துரை தேநீர் குடித்துக்கொண்டே, "எங்கள் ஊரில் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து தொழில் தொடங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். உனக்குத் தெரிந்த வியாபாரிகள் இருந்தால் சொல்லேன்" என்றாராம். துரை அதைத் தேநீரோடு மறந்துபோனார். நம்மவர் மறக்கவில்லை.

மறுநாள் எங்கள் அறைச் சுவரில் டென்மார்க் தேசப் படம் ஏறியது. என் சட்டை மாட்டும் ஆணியில்தான்.

"எவ்வளவு பெரிய ஊருண்ணே?" என்று கேட்டேன்.

"சின்ன ஊருதான் தம்பி. நம்ம பகாங் மாநிலத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அவ்வளவுதான்."

"அதுக்கா ஆள் தேடறீங்க?"

"சின்ன ஊருக்குத்தான் தேடணும். பெரிய ஊருக்கு எல்லாரும் தானா போவாங்க."

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான்.

அவர் முதலில் பிடித்தது கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தரை. கைலி, வேட்டி, சேலை வியாபாரத்தில் ராவுத்தர் கை வைத்தால் பாசார் கடைத்தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். நம்மவர் டென்மார்க்கிலிருந்து வந்த வெண்ணெய் டப்பா ஒன்றை அத்தாட்சியாக எடுத்துப் போயிருந்தார். கிள்ளான் வெயிலில் திறந்ததும் வெண்ணெய் எண்ணெயாகி, ராவுத்தரின் புதுச் சேலை அடுக்கின் மேல் ஓடியது.

"மன்னிக்கணும் முதலாளி. அவங்க ஊர்ல இது கல்லு மாதிரி இருக்கும்."

"அவ்வளவு குளிரா?"

"அதைத்தான் முதல்ல சொல்லணும்னு வந்தேன். பாதி வருஷம் வெயிலே கிடையாது. உங்க கைலி அங்க ஒண்ணுகூட விக்காது. பாஷை வாயில நுழையாது. சோறு கிடைக்காது."

ராவுத்தர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்ப நான் எதுக்கு தம்பி அங்க போகணும்?"

"துறைமுகம் நல்லாருக்கு. கோர்ட்டு நல்லாருக்கு. ஒருத்தன் ஏமாத்தினா கேக்க ஆள் இருக்கு."

ராவுத்தர் அவரை விரட்டவில்லை. சேலை பாழானதற்கும் திட்டவில்லை. "நாளைக்கு வா தம்பி, இன்னும் சொல்லு" என்று அனுப்பினார். மனிதருக்கு வியாபாரத்தில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. குறையை மட்டும் சொல்லும் தரகரை அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த வாரமே டென்மார்க் அவரைக் கோலாலம்பூருக்கு அழைத்துவந்து, ஆயர் பத்து என்ற ஐஸ் செய்யும் கம்பெனியில் கட்டிகள் அடுக்கிய அறைக்குள் உட்காரவைத்தார். ஊர் எப்படி இருக்கும் என்று தெரியாமல் யாரும் முதல் போடக்கூடாதாம். கம்பளி இல்லாததால் ராவுத்தருக்கு என் ரயில்வே கோட்டு. நானும் கூடப் போயிருந்தேன். ராவுத்தரின் தாடி முதலில் வெளுத்தது. பிறகு பல் தாளம் போட்டது.

"தம்பி, வியாபாரம் கிடக்கட்டும். என் மூக்கு இருக்கான்னு பாரு!"

"இருக்கு முதலாளி. ஆனா அங்க இதைவிடக் கொஞ்சம் அதிகம்."

கதவைத் திறக்கச் சொல்லி நான்தான் கத்தினேன்.

அன்று மாலை ஸ்டேஷனுக்கு நடந்துவரும்போது எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்ணே, ஒரு ஊருக்கு ஆள் கூப்பிட்டா நல்லதை முதல்ல சொல்லணும். குறையை அவனே போய்ப் பாத்துக்குவான். உலகமே அப்படித்தானே நடக்குது?"

டென்மார்க் என் கோட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்கப்பா கங்காணி, தம்பி. ஊர் ஊராப் போய்த் தோட்டத்துக்கு ஆள் சேத்து, கப்பல்ல கூட்டிட்டு வந்தவரு. 'அங்க மரத்தைத் தொட்டா பால் கொட்டும்'னு சொல்லுவாரு. பொய் இல்ல. ரப்பர் பால். சனங்க குடிக்கிற பால்னு நினைச்சுப் பிள்ளைங்களையும் தூக்கிட்டு வந்தாங்க."

"அப்புறம்?"

"கடலோரத் தோட்டம். கொசு. காய்ச்சல்ல நிறைய பேர் போயிட்டாங்க. மிச்சப் பேர் எங்கப்பாவை ஒரு வார்த்தை திட்டல. தீபாவளிக்கு வந்து கால்ல விழுந்தாங்க. அதைத்தான் அவரால தாங்க முடியல. கடைசி வரைக்கும் பால் ஊத்தின காப்பி குடிக்கல."

பிறகு அவரே, "கூப்பிடறது தப்பில்ல தம்பி. கூப்பிடறதுன்னா எல்லாத்தையும் சொல்லித்தான் கூப்பிடணும்" என்று முடித்துவிட்டு, ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

சில மாதம் கழித்து டென்மார்க்கிலிருந்து ஒரு பெரிய மனிதர் கப்பலில் வந்தார். கீழ்நாடுகளில் சுற்றி, தங்கள் ஊருக்குக் கம்பெனிகளைக் கூப்பிடுவது அவர் வேலை. கிள்ளானில் ஒரு ஜவுளி முதலாளி யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நம்மவர் சொன்னதை நம் துரை பெருமையாக எழுதிப் போட்டிருந்தார். எனவே சந்திப்பு துரையின் ஆபீசிலேயே நடந்தது. ராவுத்தருக்குத் தமிழும் மலாயும்தான் தெரியும், வந்தவருக்கு இங்கிலீஷ். நடுவில் மொழிபெயர்க்க நம்மவர். அங்கே நடந்ததை ராவுத்தர் கிள்ளான் முழுக்க நடித்துக் காட்டினார். அவர் வாயால்தான் நானும் கேட்டேன். இங்கிலீஷில் நடந்த பேச்சை டென்மார்க்கே பிறகு அவருக்குச் சொல்லியிருந்தார்.

"எங்கள் ஊரில் குளிர் லேசாகத்தான் இருக்கும்" என்றார் வந்தவர்.

டென்மார்க் ராவுத்தர் பக்கம் திரும்பினார். "குளிர் லேசுதானாம், முதலாளி. அது அவங்களுக்கு லேசு. ஐஸ் ரூமை நினைச்சுக்குங்க."

"எங்கள் தொழிலாளிகள் அமைதியானவர்கள். சத்தம் போடமாட்டார்கள்."

"சத்தம் போடமாட்டாங்களாம். அங்க சங்கம் இருக்கு. சத்தம் போடாமலே வேலையை நிறுத்துவாங்க."

அந்த இடத்தில் நம் துரைக்குத் தேநீர் புரை ஏறியது. தோட்டத்தில் பல வருஷம் இருந்த மனிதர். தமிழ் நன்றாகத் தெரியும் என்பதை டென்மார்க் பேச்சு வேகத்தில் மறந்துவிட்டார்.

வந்தவருக்குச் சந்தேகம் வந்தது. "நான் பேசுவதைவிடத் தமிழில் நீளமாகிறதே?"

டென்மார்க் எழுந்து நின்றார். "உங்கள் வார்த்தை முடிந்துவிட்டது, ஐயா. மிச்சம் என்னுடையது." தமிழில் தாம் சொன்னதையும் ஒன்றுவிடாமல் இங்கிலீஷில் ஒப்பித்தார்.

வந்தவர் முகம் சிவந்தது. "இப்படிச் சொன்னால் எங்கள் நாட்டுக்கு யார் வருவார்கள்?"

"இதைக் கேட்டபிறகும் வருகிறவர் பாதியில் ஓடமாட்டார், ஐயா."

வந்தவர் துரையைப் பார்த்தார். துரை கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தோட்டத்துத் தமிழில், "அவன் சொல்றது நெசம்" என்றார். பிறகு அதையே இங்கிலீஷிலும் சொன்னார்.

ராவுத்தர்தான் வந்தவர் பக்கம் திரும்பிப் பேச்சை முடித்துவைத்தார். "துரை, நான் உங்க ஊருக்கு வரல. என் கைலியை அங்க யாரு கட்டுவா? ஆனா உங்க வெண்ணெயை நான் கிள்ளான்ல விக்கறேன். விக்கிற சரக்குல இந்த ஆள் குறை சொல்லாதது அது ஒண்ணுதான்."

வந்தவர் வெண்ணெய் விற்க வரவில்லை. அடுத்த கப்பலில் போய்விட்டார். கொஞ்ச நாளில் ரப்பர் விலை விழுந்தது. கம்பெனிகள் ஆள் குறைத்தன. துரையின் ஆபீசில் முதலில் போனது டென்மார்க் வேலை. மேலிடத்து உத்தரவு என்று துரை சொன்னாராம். சொல்லும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அன்று அவர் சீக்கிரமாகவே அறைக்கு வந்தார். சட்டையைக் கழற்றினார். சுவரில் சாய்ந்து தொங்கிய படத்தை நேராக்கினார்.

எனக்கு ஆத்திரம். "இன்னும் எதுக்குண்ணே அந்தப் படம்? கிழிச்சுப் போடுங்க."

"நாடு என்ன தம்பி தப்புப் பண்ணிச்சு?" என்றார்.

பலருக்கும் வேலை போன அந்தக் காலத்தில் ராவுத்தர் அவரைத் தம் கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அதன் பலனை உடனே அனுபவித்தார். "அக்கா, இந்தச் சேலையை எடுக்காதீங்க, ரெண்டு துவைப்புல சாயம் போயிடும்" என்று நம்மவர் சொல்வதைக் கல்லாவில் இருந்தபடி கேட்க வேண்டியிருந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இவனை டென்மார்க்குக்கே அனுப்பிடு தம்பி, கப்பல் செலவு என்னுது" என்று புலம்புவார். ஆனால் சாயம் போகும் சரக்கை வாங்குவதை நிறுத்தினார். அவரை நிறுத்தவில்லை.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது, இந்தச் சீமையில் எனக்குப் பெரியவர்கள் யாரும் இல்லை. காஜாங்கில் பெண் வீடு. என் சார்பில் பேசப்போக டென்மார்க்கை விட்டால் ஆள் கிடையாது. நடுங்கிக்கொண்டே அனுப்பினேன். பெண்ணின் அப்பாவிடம், எனக்கு முன்கோபம், குறட்டை, சொந்த வீடு கிடையாது, ரயில்வே வேலை நிலைக்குமா என்று சொல்ல முடியாது என்று எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்திருக்கிறார். எப்படியோ கல்யாணம் நடந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு தீபாவளி நாளில் என் மாமனார் அதைச் சொன்னார். "இவ்வளவு குறை சொல்றீங்களே, அப்புறம் எதுக்குப் பொண்ணு கேட்டு வந்தீங்கன்னு கேட்டேன். 'எனக்கு ஒரு தங்கச்சி இருந்திருந்தா உங்ககிட்ட வந்திருக்கமாட்டேன். இவனுக்கே குடுத்திருப்பேன்'ன்னார். வேற என்ன கேக்கணும் எனக்கு?"

அன்றே கிள்ளான் ரயிலைப் பிடித்தேன். டென்மார்க் கடை வாசலில் நின்று ஏதோ ஒரு துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நேரே போய் அவரைக் கட்டிக்கொண்டேன்.

"என்ன தம்பி, காய்ச்சலா?" என்று கேட்டு, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.